பொங்கலும் நன்றியும்: வகுப்பறையில் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறந்தால், பொங்கல் விடுமுறைக்கு முன் கையில் இருப்பது சில வேலை நாட்கள்தான். கோலப்போட்டி, பானை வரைதல், சமத்துவப் பொங்கல் எல்லாம் அதற்குள் நடந்து முடிந்துவிடும். இந்த ஓட்டத்துக்கு நடுவில் பிள்ளைகள் மனதில் நன்றி என்ற ஒன்றை எப்படி விதைப்பது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

நன்றியைப் பற்றிப் பேசப் பொங்கல்தான் சரியான நேரமா?

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆவணி வாக்கில் விதைத்த சம்பா நெல் தையில் அறுவடைக்கு வருகிறது. அந்தப் புது நெல்லைக் குத்திப் பொங்கி, அதை விளைய வைத்தவர்களை நினைத்துப் பார்ப்பதுதான் இந்தப் பண்டிகை. தை முதல் நாள் சூரியனுக்கு, மறுநாள் மாட்டுக்கு, அதற்கடுத்த நாள் மனிதர்களைப் போய்ப் பார்க்க என்று வரிசையே பாடம் மாதிரி அமைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாப் பதிலும் இதைச் சுற்றித்தான் வரும். பிள்ளைகளை நன்றி சொல்ல வைப்பதற்கு முன்னால் தேட வைக்க வேண்டும். தன் தட்டில் இருக்கும் சோற்றுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று கண்டுபிடித்த பிள்ளைக்கு நன்றி சொல்லக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. கண்டுபிடிக்காத பிள்ளை எத்தனை அட்டை செய்தாலும் அது கைவேலைப் பாடம்தான்.

எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?

ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்க்கும் ஆட்கள் போதும்: சாப்பாடு பரிமாறும் அக்கா, கதவு திறக்கும் தாத்தா, பென்சில் கொடுத்த பக்கத்து பெஞ்சுப் பையன். மூன்றாம் வகுப்புக்கு மேல், பார்க்காத ஆட்களையும் யோசிக்க முடியும். ஆறாம் வகுப்புக்கு மேல், "அவருக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா?" என்ற கேள்வி தானாக வரும். வந்தால் அடக்க வேண்டாம். நன்றியும் நியாயமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற விஷயங்கள்.

ஒரே ஒரு செயல்பாடுதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

"ஒரு பிடி சோறு" என்ற இந்தச் செயல்பாட்டைச் செய்யுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எங்கும் நடக்கும். தேவைப்படுவது ஒரு நீளமான கயிறு, பழைய காலண்டர் தாள்கள், ஸ்கெட்ச் பேனா, துணி மாட்டும் கிளிப்.

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தொடங்குங்கள். "இப்போது சாப்பிட்ட சோற்றை உங்கள் தட்டில் போட்டது யார்?" என்று கேளுங்கள். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கயிற்றின் ஒரு முனையில் மாட்டுங்கள். "அவருக்கு முன்னால் அது யார் கையில் இருந்தது?" அப்புறம் அதற்கு முன்னால்? இப்படியே பின்னோக்கிப் போக வேண்டும். சமைத்தவர், அரிசி களைந்தவர், ரேஷன் கடையில் எடை போட்டவர், கிடங்கிலிருந்து லாரி ஓட்டி வந்தவர், அரிசி ஆலையில் நெல்லை அவித்துக் காயவைத்தவர், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே ஒரு மூட்டை என்பது 40 கிலோ. வகுப்பில் இரண்டு பேரை நிற்க வைத்து, "இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தலையில் தூக்குகிற மாதிரி" என்று சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

அதற்கும் முன்னால் போனால் வயல் வரும். இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். "விவசாயி" என்று ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சேற்றை உழுதவர் யார்? வரப்பு வெட்டியவர்? நாற்றங்காலில் நாற்று பறித்து முடிச்சுக் கட்டியவர்? குனிந்த முதுகு நிமிராமல் நட்டவர்? களை எடுத்தவர்? ராத்திரியில் டார்ச் லைட்டோடு தண்ணீர் பாய்ச்சப் போனவர்? அறுவடை இயந்திரம் ஓட்டியவர்? களத்தில் நெல்லைக் காயவைத்து, மழை வந்ததும் ஓடிப்போய்த் தார்ப்பாய் மூடியவர்? சம்பா நெல் விதைப்பிலிருந்து அறுப்பு வரை நாலரை மாதம், சில ரகங்கள் ஐந்து மாதம் கூட எடுத்துக்கொள்ளும். பள்ளித் தோட்டத்தில் சுதந்திர தினத்தையொட்டி விதைத்தது பொங்கலுக்குத்தான் கதிராகும் என்று சொல்லுங்கள். நீளம் புரிந்துவிடும்.

கடைசி முனையில் மழை, ஆறு, மண், சூரியன், மண்புழு என்று ஆளில்லாத தாள்கள் சேரும். காவிரிப் பாசனத்தில் இருக்கிற ஊர் என்றால் மேட்டூர் அணையும் வரும். வழக்கமாக ஜூன் 12இல் அணை திறக்கிறார்கள் என்பது பெரிய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கலாம். மதகு திறக்கிற ஊழியரைச் சேர்க்க அவர்கள் மறக்க மாட்டார்கள்.

கயிறு வகுப்பறைச் சுவரைச் சுற்றி வந்துவிடும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். "இவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லுங்கள்" என்று அன்றைக்கே முடித்து வைக்க வேண்டாம். இரண்டு நாள் அந்தத் தாள்களின் கீழ் நடந்து போகட்டும். விட்டுப்போன ஆட்களை அவர்களே கண்டுபிடித்து இடையில் மாட்டுவார்கள். உண்மையான கற்றல் அந்த இரண்டு நாளில்தான் நடக்கிறது.

நகரத்துப் பள்ளி. பிள்ளைகள் வயலையே பார்த்ததில்லை. இது எடுபடுமா?

எடுபடும். கயிற்றின் தொடக்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்தானே. நகரத்துப் பிள்ளைகள் கடை, லாரி, சந்தை பக்கம் நிறையச் சொல்வார்கள், வயல் பக்கம் திணறுவார்கள். கிராமத்துப் பிள்ளைகளிடம் இது தலைகீழாக இருக்கும். திணறும் இடம்தான் பாடம் எடுக்க வேண்டிய இடம். ஒரு பிடி நெல், அதே அளவு பச்சரிசி, உமி, தவிடு நான்கையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். நெல்லுக்கும் அரிசிக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தி. ஆளுக்குப் பத்து நெல்லை நகத்தால் உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் சோறு மிச்சம் வைப்பதைப் பற்றி நீங்கள் தனியாகப் பேச வேண்டியிருக்காது.

விவசாயி ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேச வைக்கலாமா?

கட்டாயம் அழைக்கலாம். ஆனால் தை அறுவடைக் காலம். வயலில் கதிர் முற்றி நிற்கும்போது ஒரு நாளை விட்டுவிட்டு வரச் சொல்வது அவர்களுக்குச் சுமை. கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் அவர் நேரத்தைக் கேட்டு, அதற்கு நீங்கள் வளைந்து கொடுங்கள். மழை பெய்து வேலை நின்ற நாளாக இருக்கலாம், காலை வழிபாட்டுக்கு முந்தைய அரை மணியாக இருக்கலாம். போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினாலும் போதும். கூலி இழப்பு வந்தால் அதைப் பள்ளி கொடுப்பதுதான் முறை. நன்றிப் பாடத்துக்கு வருகிறவர் நஷ்டப்பட்டுப் போகக் கூடாது.

நிலத்துக்காரர் ஒருவரை மட்டும் அழைத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். நடவு நடும் பெண்களை அழையுங்கள். மேடை வேண்டாம், தரையில் வட்டமாக உட்காரட்டும். கேள்விகளை முன்கூட்டியே பிள்ளைகள் தயார் செய்யட்டும். "விவசாயம் முக்கியமா?" என்ற கேள்விக்கு ஒரு வரிப் பதில்தான் வரும். "நாத்து நடும்போது எந்த இடம் ரொம்ப வலிக்கும்? பசிச்சா என்ன செய்வீங்க? நட்டதெல்லாம் தண்ணியில போன வருஷம் இருக்கா?" இப்படிக் கேட்டால் கதை வரும். வருகிறவர் ஒரு பிள்ளையின் அம்மாவாகவோ பாட்டியாகவோ இருந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

வயலுக்கே கூட்டிப் போவதானால் அறுவடை இயந்திரத்திலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். வரப்பில் பாம்பு இருக்கும் காலம் அது, செருப்பு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும்.

நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்களே?

"என்னைப் பெற்று வளர்த்த அம்மா அப்பாவுக்கு நன்றி, கல்வி தந்த ஆசிரியருக்கு நன்றி." முப்பது தாளிலும் இதே வரி. பிள்ளைகள் மேல் தவறில்லை, கேள்வி அவ்வளவு அகலமாக இருக்கிறது. கேள்வியைச் சுருக்குங்கள். நான் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது வழக்கம்:

உனக்காக ஒருவர் செய்த ஒரே ஒரு காரியம் எது? அதைச் செய்ய அவர் எதை விட்டுக்கொடுத்தார்: நேரமா, காசா, தூக்கமா, தன் பங்கா? அவர் செய்யாமல் போயிருந்தால் உனக்கு என்ன ஆகியிருக்கும்?

இந்த மூன்றும் காற்றில் வந்தவை இல்லை. ஜெஃப்ரி ஃப்ரோ என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு, ஒருவர் உதவும்போது அவர் என்ன எண்ணத்தில் செய்தார், அதற்கு என்ன கொடுத்தார், உதவி பெற்றவருக்கு என்ன கிடைத்தது என்று யோசிக்கக் கற்றுக்கொடுத்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அப்படி யோசிக்கப் பழகிய பிள்ளைகளுக்கு நன்றியுணர்வு கூடியிருந்தது. நன்றி அட்டை எழுத வாய்ப்புக் கொடுத்தபோது அவர்களே அதிகம் எழுதினார்கள்.

மூன்று கேள்விக்குப் பிறகு வரும் கடிதத்தின் மணமே வேறு. "அண்ணா, உன் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு வருகிறாய். மேட்டில் நீ இறங்கித் தள்ளுகிறாய், நான் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீ இல்லையென்றால் எனக்கு முதல் பீரியட் போய்விடும்." இந்த மாதிரி நாலு வரி போதும். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்த வேண்டாம். இந்த ஒரு தாளை மட்டும் அப்படியே விடுங்கள். கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது முக்கியம். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் அது கண்காட்சிப் பொருளாகிவிடும்.

எழுதத் தெரியாத ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் காரியத்தைப் படமாக வரையட்டும். ஆளை வரைய வேண்டாம், அவர் செய்ததை வரைய வேண்டும்.

சத்துணவு சமையலர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க நினைக்கிறோம். சரிதானே?

நல்ல எண்ணம்தான். ஆனால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். மேடையில் ஏறி நிற்பது எல்லோருக்கும் பிடிக்காது. வேலையைக் காட்டி மேடைக்குக் கூப்பிடும்போது, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அவருடைய பிள்ளை கூசிப்போகலாம். பெருமையும் படலாம். எது நடக்கும் என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

பொன்னாடையைவிட நான் பெரிதாக நினைப்பது, அவர்கள் வேலையைக் கொஞ்சம் லேசாக்குவதை. பிள்ளைகள் ஒரு வாரம் தட்டில் எதையும் மிச்சம் வைக்காமல், தட்டைத் தாங்களே கழுவி அடுக்கி, சிந்திய இடத்தைத் துடைத்து வைத்தால் சமையல் கூடத்தில் அரை மணி நேரம் மிச்சமாகும். கழிவறையைப் பயன்படுத்தியபின் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றினால் அதுதான் தூய்மைப் பணியாளருக்குச் சொல்லும் நன்றி. குப்பையைப் பிரித்துப் போட்டால், அதை இன்னொருவர் வெறுங்கையால் கிளறிப் பிரிக்க வேண்டிய நிலை வராது.

இன்னொன்று, பெயர். "ஆயாம்மா" என்று மட்டும் தெரிந்தவரின் பெயர் என்ன, ஊர் எது, காலையில் எத்தனை மணிக்கு எழுந்து வருகிறார் என்று பிள்ளைகள் பேசித் தெரிந்துகொள்ளட்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து, பிள்ளைகள் வருவதற்கு வெகு முன்பே அடுப்பு பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டு வரச் சொன்னால், அந்தப் பதிலை வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

புகைப்படம் எடுப்பதும், அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அவர்கள் சம்மதித்தால் மட்டுமே.

திருக்குறளை இதில் எப்படிச் சேர்ப்பது? மனப்பாடம் செய்ய வைத்தால் போதுமா?

தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் நாள், அதனால் பொங்கலும் குறளும் ஒட்டியே வருகின்றன. செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஒப்பிக்க வைப்பதைவிட, 104ஆம் குறள் ஒன்றை எடுத்துக் கையால் செய்து பார்ப்பது மேல்:

தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக்
கொள்வர் பயன்தெரி வார்.

ஆளுக்கு ஒரு தினை கொடுங்கள். உள்ளங்கையில் வைத்தால் தேட வேண்டும், அவ்வளவு சின்னது. அப்புறம் பக்கத்தில் பனை இருந்தால் அங்கே கூட்டிப்போய், அடியில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். மரம் இல்லாத இடத்தில் 20 மீட்டர் கயிற்றை மைதானத்தில் நீட்டி, ஒரு முனையில் தினையை வைத்துவிட்டு மறு முனைக்கு நடக்கச் சொல்லுங்கள். முழுதாய் வளர்ந்த பனை இதைவிட உயரமாகவும் போகும். இப்போது ஒவ்வொருவரும், தனக்கு யாரோ செய்த தினையளவு உதவி ஒன்றைச் சொல்ல வேண்டும். ரப்பர் கொடுத்தது, கீழே விழுந்தபோது கை கொடுத்தது, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து தந்தது. சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பெரிய உதவியைச் சொன்னால் ஆட்டத்தில் சேராது. இந்த விதியால் எந்தப் பிள்ளையும் "எனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை" என்று ஒதுங்க முடியாது.

ஜனவரியில் பனங்கிழங்கும் கிடைக்கும். அவித்துக் கொடுத்து, நார் உரித்துக்கொண்டே பேசினால் குறள் இன்னும் நன்றாக இறங்கும்.

போகிக்கு வகுப்பில் என்ன செய்யலாம்?

எரிக்க வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்து காலையில் புகைமூட்டம் சூழ்வதைப் பார்த்துத்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வோர் ஆண்டும் வேண்டுகோள் விடுக்கிறது. வகுப்பு அலமாரியைக் காலி செய்யுங்கள். தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இது நமக்கு என்ன செய்தது?" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். உடைந்த ஸ்கேலுக்கும் முடிந்துபோன நோட்டுக்கும் ஒரு வரி உண்டு. அப்புறம் பழைய தாளைப் பேப்பர்காரருக்கும், நல்ல நிலையில் உள்ள புத்தகத்தைக் கீழ் வகுப்புக்கும் கொடுங்கள். இருபது நிமிட வேலை.

பள்ளியில் பொங்கல் வைப்பதையே நன்றிச் செயல்பாடாக மாற்ற முடியுமா?

முடியும், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பவர்களாக இல்லாமல் வேலை செய்பவர்களாக இருந்தால். அரிசி களைவது, பாசிப்பருப்பு அளப்பது, வெல்லம் தட்டுவது, ஏலக்காய் உரிப்பது, வாழை இலை துடைப்பது, மஞ்சள் கொத்தைப் பானைக் கழுத்தில் கட்டுவது. ஆண், பெண் என்று வேலையைப் பிரிக்காதீர்கள். பையன்கள் பாத்திரம் கழுவட்டும், பெண் பிள்ளைகள் கரும்பு வெட்டுவதைப் பக்கத்தில் இருந்து கற்கட்டும். ஒரு பங்கு பச்சரிசிக்குக் கால் பங்கு பருப்பு, ஒன்றரை முதல் இரண்டு பங்கு வெல்லம் என்ற கணக்கை நாற்பது பேருக்குப் பெருக்கச் சொன்னால் கணக்கு வகுப்பும் முடிந்துவிடும். அடுப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டுமே நிற்க வேண்டும். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பொங்கி வந்ததும் முதல் இலை யாருக்கு என்பதை வகுப்பு முடிவு செய்யட்டும். கயிற்றில் மாட்டிய பெயர்களில் பக்கத்தில் இருப்பவர் யாரோ, அவருக்குப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாற வேண்டும். கடைசியாக அடிப்பிடித்த பானையைத் தேய்ப்பதும் பிள்ளைகள் வேலைதான். அதை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டால் காலையிலிருந்து செய்ததெல்லாம் வீண்.

மாட்டுப் பொங்கலுக்கு?

பள்ளி விடுமுறை என்பதால் முன்கூட்டியே ஒரு பீரியட் போதும். ஊரில் மாடு இருந்தால், வைத்திருப்பவரின் வீட்டுப் பிள்ளை அதன் பெயர், குணம், அது என்ன சாப்பிடும் என்று சொல்லட்டும். மாடே இல்லாத இடத்தில், காலையில் குடித்த பாலுக்கு அதே கயிற்றைப் பின்னோக்கிப் போடலாம். காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம், பர்கூர் என்று நம் மாட்டு இனங்களின் பெயர்களைச் சொல்லி, எது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் பையன்கள் விடமாட்டார்கள்.

வேறு மதத்துப் பிள்ளைகளும் வடமாநிலப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் ஒதுங்கிப் போய்விட மாட்டார்களா?

அறுவடைக்கு நன்றி என்று நின்றால் யாரும் ஒதுங்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் தேவாலய வளாகங்களிலும் பொங்கல் வைக்கிறார்கள். வழிபாட்டுப் பகுதியில் கலந்துகொள்வதை ஒரு குடும்பம் விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். கயிறு, கடிதம், சமையல் எதிலும் அந்தத் தடை வராது.

திருப்பூர், சென்னை மாதிரி ஊர்களில் பீகார், ஒடிசா, அசாம் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அதே நாட்களில் அசாமில் மாக் பிஹு, பஞ்சாபில் லோஹ்ரி, குஜராத்தில் உத்தராயணம், பீகாரில் மகர சங்கராந்தி. பீகார் வீடுகளில் அன்றைக்கு அவலும் தயிரும் எள் மிட்டாயும் இருக்கும். "உங்க ஊர்ல என்ன செய்வீங்க?" என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். தமிழ் திணறினால் வரைந்து காட்டட்டும். அம்மா கொடுத்தனுப்பும் எள் மிட்டாய் வகுப்பைச் சுற்றி வந்தால் அதற்கப்புறம் அந்தப் பிள்ளை தனியாக உட்காராது.

"எனக்கு நன்றி சொல்ல ஒன்றுமே இல்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால்?

"சரி, பரவாயில்லை" என்று சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருகிறவராக இருக்கலாம், அம்மா இறந்து சில மாதமே ஆகியிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் "உனக்குக் கை கால் நன்றாக இருக்கிறதே, அதற்கு நன்றி சொல்" என்பது அதன் வலியை மூடி மறைக்கச் சொல்வதாகும். அதே வகுப்பில் கை கால் சரியில்லாத பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். "உன்னைவிட இல்லாதவர்களைப் பார்" என்ற ஒப்பீட்டை எந்த வடிவத்திலும் வகுப்பறைக்குள் கொண்டு வராதீர்கள். புத்தாடை, பொங்கல் சீர், ஊருக்குப் போவது பற்றிய பேச்சும் இல்லாத பிள்ளைக்குக் குத்தும். அதனால்தான் மேலே சொன்ன செயல்பாடுகள் எல்லாம் பள்ளியில் பொதுவாகக் கிடைக்கும் சோறு, தண்ணீர், ரப்பர் இவற்றைச் சுற்றியே இருக்கின்றன.

அம்மாவுக்குக் கடிதம், அப்பாவுக்குக் கடிதம் என்று ஆளைக் குறிப்பிட்டுக் கொடுக்காதீர்கள். "யாருக்கு வேண்டுமானாலும்" என்று திறந்து விடுங்கள். மறைந்தவருக்கு எழுதினாலும் எழுதட்டும். எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இருக்கட்டும்.

இதில் இன்னும் ஒரு விஷயத்தை ஒவ்வொரு ஆசிரியரும் நினைவில் வைக்க வேண்டும். நன்றியைக் கடனாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. "நமக்கு நல்லது செய்தவர் என்ன சொன்னாலும் கேட்க வேண்டும்" என்ற பாடம் பிள்ளைக்கு ஆபத்து. சாக்லேட் வாங்கிக் கொடுத்தவர், வீட்டுக்கு உதவி செய்தவர் ஒருவர் தப்பாகத் தொட்டால், "அவர் நமக்கு நிறையச் செய்திருக்கிறாரே" என்று பிள்ளை வாயடைத்துப் போகும். யார் எவ்வளவு உதவியிருந்தாலும், பிடிக்காத தொடுதலுக்கு "வேண்டாம்" என்று சொல்லலாம், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லலாம், 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். இதை நன்றிப் பாடத்தின் ஒரு பகுதியாகவே சொல்லுங்கள். எழுதும் கடிதத்தில் ஏதாவது உறுத்தினால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, அவசரப்படாமல் பேசுங்கள்.

சிறந்த நன்றிக் கடிதத்துக்குப் பரிசு கொடுக்கலாமா?

வேண்டாம். முதல் பரிசு வாங்கிய நன்றி, மூன்றாம் பரிசு வாங்கிய நன்றி என்று ஆகிவிடும். கோலத்துக்குப் பரிசு கொடுங்கள், கும்மிக்குக் கொடுங்கள்.

பொங்கல் முடிந்த பிறகும் இதைத் தொடரலாமா?

வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் போதும். ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்கள் 221 பேரை வைத்து நடத்தி 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு பிரிவினர் இரண்டு வாரம் தினமும் நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். அவர்களுக்குப் பள்ளி வாழ்க்கையில் நிறைவு கூடியிருந்தது. ஆனால் நம் வகுப்பில் தினமும் எழுதச் சொன்னால் அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும் என்பது என் கருத்து. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், "இந்த வாரம் யாருடைய வேலையைப் புதிதாகக் கண்டுபிடித்தீர்கள்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பேருந்து நடத்துநர், மின்கம்பத்தில் ஏறியவர், நூலகத்தில் கிழிந்த பக்கத்தை ஒட்டியவர் என்று பட்டியல் வளரும்.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம் ஏதாவது கொடுக்கலாமா?

எழுத்து வேலை கொடுக்காதீர்கள். காணும் பொங்கலன்று உறவினர் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும்போது, வயதான ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுவரச் சொல்லுங்கள்: "நீங்க சின்ன வயசுல இருந்தப்ப உங்களுக்கு யாராவது செஞ்ச உதவி இன்னும் ஞாபகம் இருக்கா?" பதிலை எழுத வேண்டாம், கேட்டு மனதில் வைத்துக்கொண்டால் போதும். விடுமுறை முடிந்து வரும் முதல் நாள், முதல் பீரியடைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். சில பதில்கள் நீளமானவையாக இருக்கும்.